உச்ச நீதிமன்றத்துக்கே போகாத நீதிபதி ரிச்சர்ட் போஸ்னரை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அவர் விட்டுச்சென்றது என்ன?

அமெரிக்காவில் எத்தனையோ மேல்முறையீட்டு நீதிபதிகள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் 2017-ல் பதவியை விட்டு இறங்கிய போஸ்னர் பெயர் மட்டும் ஏன் எந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிவில் பக்கம் தொழில் செய்யும் வக்கீல். டார்ட்ஸ், அதாவது ஒருவர் செயலால் இன்னொருவருக்கு வரும் நஷ்டத்துக்கு ஈடு கேட்கும் சட்டப் பாடத்துக்காக அவரைப் படிக்கத் தொடங்கி, பாடம் முடிந்த பிறகும் விடாமல் படித்துக்கொண்டிருப்பவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போஸ்னரின் தீர்ப்புகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய. ஆனால் எந்த வரியில் எனக்கும் அவருக்கும் வழி பிரிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். மற்ற பல நீதிபதிகளிடம் அது முடியாது. முன்தீர்ப்புகளை அடுக்கி, மேற்கோள்களை மேலே போர்த்தி, ‘ஆகவே’ என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் எது அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது என்பது உள்ளேயே புதைந்திருக்கும். போஸ்னர் அதை வெளியே எடுத்து வைத்தார். சில நேரம் வைக்கக் கூடாத அளவுக்கும் வைத்தார்.

பின்னணி கொஞ்சம். அமெரிக்க மத்திய நீதிமன்றங்கள் மூன்று அடுக்கு. நடு அடுக்கில் உள்ளவை ‘சர்க்யூட்’ எனப்படும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். உச்ச நீதிமன்றம் மிகச் சில வழக்குகளையே எடுத்துக்கொள்கிறது என்பதால் பெரும்பாலான கட்சிக்காரர்களுக்கு இந்த நடு அடுக்குதான் கடைசிப் படி. போஸ்னர் இருந்தது சிகாகோவில் அமரும் ஏழாவது சர்க்யூட்டில். இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் மூன்று மாநிலங்களும் அதன் கீழ். அங்கே ஓய்வு வயது கிடையாது. நம் உயர் நீதிமன்ற நீதிபதி 62-ல் இறங்கியே ஆக வேண்டும். போஸ்னர் 42 வயதில் ஏறி, 78 வயதில் தானாக இறங்கினார். சுமார் 36 ஆண்டுகள், 3,300-க்கும் மேற்பட்ட தீர்ப்புகள். 1993 முதல் 2000 வரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அவரே.

1939-ல் நியூயார்க்கில் பிறந்தவர். யேலில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1962-ல் ஹார்வர்டில் சட்டம் முடித்தபோது வகுப்பில் முதலிடம். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பிரென்னனிடம் ஒரு வருடம் உதவியாளர் வேலை. பிறகு தர்குட் மார்ஷல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த காலத்தில் அவர் அலுவலகத்தில் அரசு வக்கீல். பிரென்னன், மார்ஷல் இருவருமே தாராளவாதத்தின் பெரிய பெயர்கள். அந்த வாசலில் வளர்ந்தவர் 1969-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்ததும் தடம் மாறினார். அங்கிருந்த பொருளாதாரக்காரர்களோடு சேர்ந்து, சட்ட விதிகளுக்குப் பின்னால் செலவு, பயன் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வாதாடத் தொடங்கினார். 1973-ல் வந்த ‘எகனாமிக் அனாலிசிஸ் ஆஃப் லா’ என்ற புத்தகம் அந்தத் துறைக்கே பாடநூலானது. 1981-ல் அதிபர் ரீகன் அவரை நீதிபதியாக்கினார்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிய ஒரு வழக்கைப் பார்ப்போம். 1979 ஜனவரி. அக்ரிலோநைட்ரைல் என்ற ரசாயனம் 20,000 கேலன், ஒரு டேங்கர் ரயில் பெட்டியில் லூசியானாவிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போகிறது. தீப்பிடிக்கும், விஷமும் கூட. சிகாகோவை ஒட்டிய ஒரு ரயில் யார்டில் பெட்டி ஒழுகுகிறது. சுற்றியிருந்த வீடுகளைக் காலி செய்கிறார்கள். மண்ணையும் நீரையும் சுத்தம் செய்ய மாநில அரசு உத்தரவிடுகிறது. யார்டை நடத்திய ரயில் நிறுவனத்துக்கு ஆன செலவு சுமார் 9,81,000 டாலர். அது ரசாயனத்தை அனுப்பிய அமெரிக்கன் சயனமிட் மீது வழக்குப் போடுகிறது. இவ்வளவு ஆபத்தான பொருளை மாநகரத்தின் ஊடே அனுப்பினால், அலட்சியம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம், அனுப்பியவரே முழுப் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

1990-ல் போஸ்னர் அதைத் தலைகீழாக்கினார். ஒழுகியது ஏன்? ரசாயனத்தின் குணத்தால் இல்லை, பெட்டியை யாரோ சரியாகப் பராமரிக்கவில்லை அல்லது சரியாகக் கையாளவில்லை. கவனமாக இருந்தால் தடுத்திருக்கக்கூடிய விபத்து என்றால், அலட்சியத்துக்குப் பொறுப்பு என்ற சாதாரண விதியே போதும். அனுப்புபவர் தலையில் முழுப் பொறுப்பையும் வைத்தால் என்ன நடக்கும்? நகரத்தைச் சுற்றிப் போகச் சொல்வார்கள். ஆனால் அமெரிக்க ரயில் பாதைகள் பெரிய நகரங்களில்தான் சந்திக்கின்றன. சுற்றுப்பாதை நீளம், நீளம் கூடினால் விபத்து வாய்ப்பும் கூடும். விதியை மாற்றினால் யார் நடத்தை எப்படி மாறும், அந்த மாற்றத்தால் விபத்து குறையுமா என்பதுதான் தீர்ப்பு முழுக்க அவர் கேட்கும் கேள்வி. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் முதலாண்டு மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு இது.

இதே தீர்ப்பில் இன்னொரு இடம் இருக்கிறது. கொடூரமாகத் தோன்றலாம் என்று தானே முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்த யார்டு வட்டாரத்தில் பொருந்தாத விஷயம் ரசாயனப் போக்குவரத்தாக இல்லாமல், மனிதர்கள் அங்கே குடியிருப்பதாக இருக்கலாம் என்று எழுதுகிறார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் ரயில் யார்டுக்குப் பக்கத்தில் வீடு பிடிப்பவர்கள் யார்? வேறு இடத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள். அவர்களை ‘இடம் மாறக்கூடிய ஒரு செலவு’ என்று கணக்கில் எழுதும்போது எனக்கு நெருடுகிறது. போஸ்னரிடம் என் சண்டை தொடங்குவது இங்கேதான். அந்த ஒரு வரியை எழுதாமலே அவர் அதே முடிவுக்கு வந்திருக்கலாம். எழுதியதால்தான் நான் சண்டை போட முடிகிறது.

இடைக்காலத் தடை கொடுப்பதற்குக்கூட 1986-ல் அல்ஜீப்ரா சூத்திரம் எழுதிவைத்தார். தவறாகத் தடை கொடுத்தால் பிரதிவாதிக்கு வரும் நஷ்டம் ஒரு பக்கம், தவறாக மறுத்தால் வாதிக்கு வரும் நஷ்டம் மறுபக்கம், ஒவ்வொன்றையும் அவரவர் வெற்றி வாய்ப்பால் பெருக்கிப் பார் என்று. அதே அமர்வில் இருந்த மூத்த நீதிபதி ஸ்விகெர்ட் மாறுபட்ட தீர்ப்பு எழுதி அதைக் கடிந்துகொண்டார். பிரைமா ஃபேசி (முதல் பார்வையில் வழக்கு நிற்கிறதா), பாலன்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் (யாருக்குப் பாதிப்பு அதிகம்) என்று வக்கீல்கள் நாங்கள் தினமும் மனுவில் எழுதுகிறோமே, சாரம் அதேதான். எண் போட்டால் மட்டும் ஏனோ எல்லோருக்கும் கோபம் வருகிறது.

நீதிபதி ஆவதற்கு முன்பே, 1978-ல், எலிசபெத் லாண்டஸுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தத்துக் கொடுப்பதில் உள்ள கட்டுப்பாடுகளால்தான் குழந்தைகளுக்குத் தட்டுப்பாடு, ஓரளவு சந்தை முறையை அனுமதித்துப் பார்க்கலாம் என்பது அதன் வாதம். உடனே ‘குழந்தை விற்கச் சொன்னவர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போகாததற்கு அந்தக் கட்டுரையைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது இல்லாவிட்டாலும் போயிருப்பாரா என்பது சந்தேகமே. செனட் விசாரணையில் உட்கார்ந்து நழுவிப் பேசும் கலை அவருக்குச் சுத்தமாக வராது.

எழுத்துக்கு வருகிறேன். பெரும்பாலான அமெரிக்க நீதிபதிகளின் தீர்ப்பு வரைவை அவர்களிடம் வேலை பார்க்கும் இளம் சட்ட உதவியாளர்கள் எழுதுவார்கள், நீதிபதி திருத்துவார். போஸ்னர் தானே எழுதினார். உதவியாளர்கள் தகவல் தேடுவார்கள், எழுதியதைக் குறை சொல்வார்கள், அவ்வளவுதான். அடிக்குறிப்பு கிடையாது, உபதலைப்பு கிடையாது, லத்தீன் முடிந்த அளவு கிடையாது. சட்டம் படிக்காதவரும் முதல் பக்கத்திலேயே என்ன தகராறு என்று புரிந்துகொள்ளலாம். 2011-ல் ஒரு மேல்முறையீட்டில், தங்களுக்கு எதிரான முன்தீர்ப்பு ஒன்று இருப்பதையே வக்கீல்கள் கண்டுகொள்ளாமல் வாதாடினார்கள். தீர்ப்புக்குள்ளேயே மணலில் தலை புதைத்த நெருப்புக்கோழி படம் ஒன்று, கோட் சூட் போட்ட மனிதர் அதேபோல் தலை புதைத்த படம் இன்னொன்று. வக்கீலாக எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றைக் கலக்கவும் செய்யும்.

அவரைத் துணிச்சல்காரர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1996-ல் கான் என்ற பெட்ரோல் பங்க் நடத்துநர் வழக்கு. சில்லறை விற்பனையாளர் விற்கும் அதிகபட்ச விலையை விநியோகஸ்தர் நிர்ணயிப்பதே சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் சொல்லியிருந்தது. அந்த முன்தீர்ப்பு பூச்சி அரித்தது, ஆட்டம் காண்பது என்று போஸ்னர் எழுதினார். எழுதிவிட்டு அதையே பின்பற்றினார்! அதை மாற்றுவது உச்ச நீதிமன்றத்தின் வேலை, என் வேலை இல்லை என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முன்தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. போஸ்னரின் சொற்களை எடுத்துக்காட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுப்பட்டு நடந்ததும் சரியே என்றது. கீழ்நிலை நீதிமன்றம் ஒன்று மேல் நீதிமன்றத்தோடு எப்படிச் சண்டை போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

அவருடைய மனமாற்றங்கள் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். 2007-ல் இண்டியானா மாநிலம் வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் என்று கொண்டுவந்த சட்டத்தை அவர் அமர்வு 2-1 என்று உறுதி செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு போஸ்னருடையது. நீதிபதி டெரன்ஸ் எவன்ஸ் மாறுபட்டார்: இது ஒரு கட்சிக்குப் போகும் வாக்குகளைக் குறைப்பதற்கான திரை என்று. 2008-ல் உச்ச நீதிமன்றமும் 6-3 என்று அந்தச் சட்டத்தை ஏற்றது. அதோடு விட்டிருக்கலாம். 2013-ல் எழுதிய புத்தகத்தில், அந்தத் தீர்ப்பை எழுதிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்ற தொனியில், அப்படிப்பட்ட சட்டங்கள் வாக்காளரை ஒடுக்கும் வழியாகவே இன்று பரவலாகப் பார்க்கப்படுகின்றன என்று எழுதினார். ஊடகங்கள் கொண்டாடியதும், நான் பின்வாங்கியதாகச் சொல்லாதீர்கள், அன்று எங்கள் முன் வைக்கப்பட்ட ஆதாரம் போதவில்லை என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். ஆனால் அடுத்த ஆண்டே விஸ்கான்சினின் இதேபோன்ற சட்டம் வந்தபோது, முழு அமர்வும் அதை மறுபடி கேட்க வேண்டும் என்று கடுமையான மாறுபட்ட கருத்து எழுதினார். 5-5 என்று சமமாகப் பிரிந்ததால் மறுவிசாரணை கிடைக்கவில்லை.

ஒருபால் திருமணத்திலும் இதே கதை. 1990-களில் இதை நீதிமன்றங்கள் திணிக்கக் கூடாது, மக்கள் மனம் இன்னும் தயாராகவில்லை என்று எழுதியவர் அவர். 2014 ஆகஸ்ட் 26 அன்று இண்டியானா, விஸ்கான்சின் மாநிலங்களின் தடை வழக்குகள் அவர் முன் வந்தன. மரபு, மரபு என்று அரசு வக்கீல் சொல்லிக்கொண்டே இருக்க, கறுப்பரும் வெள்ளையரும் மணக்கக் கூடாது என்பதும் மரபாகத்தானே இருந்தது என்று கேட்டுத் திணறடித்தார். அந்த ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கும், கேளுங்கள். ஒன்பதே நாளில், செப்டம்பர் 4 அன்று, தீர்ப்பு. எதிர்பாராமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அப்பா அம்மா சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே திருமணம் என்று மாநிலங்கள் வாதாடின. பொறுப்பில்லாமல் பிள்ளை பெறுபவர்களுக்குத் திருமணம் பரிசு, பொறுப்பாகத் தத்தெடுத்து வளர்ப்பவர்களுக்குத் திருமணம் மறுப்பா என்று அந்த வாதத்தைக் கிழித்துப் போட்டார். உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தீர்ப்பளித்தது அடுத்த ஆண்டுதான்.

குடியேற்ற வழக்குகளிலும் அந்தக் கணக்குப் புத்தி வேறொரு திசையில் வேலை செய்தது. 2005-ல் ஒரு தீர்ப்பில் எண்களை எடுத்து வைத்தார்: முந்தைய ஓராண்டில் குடியேற்ற வாரியத்தின் முடிவுகளுக்கு எதிராகத் தகுதி அடிப்படையில் தீர்க்கப்பட்ட 136 மனுக்களில் 40 சதவீதத்தில் வாரியத்தின் முடிவை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ ரத்து செய்ய வேண்டியிருந்தது, அரசு எதிர்மனுதாரராக இருந்த மற்ற சிவில் வழக்குகளில் அது 18 சதவீதம்தான். இந்த நிலையில் குடியேற்றத் தீர்ப்புமுறை சட்ட நீதியின் குறைந்தபட்சத் தரத்துக்கும் கீழே விழுந்துவிட்டது என்றார். ஆளை நாடு கடத்துவதா வேண்டாமா என்பதில் அரசுத் துறையின் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்ன, ரீகன் போன்ற பழமைவாத அதிபர்கள் நியமித்த நீதிபதிகள் அதிகம் இல்லை.

எனக்குப் பயம் தந்த போஸ்னரும் உண்டு. 2014-ல் கோழி பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்கள் வழக்கு. அரைமணி நேர உணவு இடைவேளையில் பாதுகாப்பு உடையைக் கழற்றி மாட்டுவதற்கே 10, 15 நிமிடம் போகிறது, அதற்குக் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். போஸ்னர் அந்த உடையை வாங்கிவந்து, நீதிமன்ற ஊழியர்கள் மூவருக்கு மாட்டிவிட்டு வீடியோ எடுத்தார். மாட்ட சராசரியாக 95 விநாடி, கழற்ற 15 விநாடி. தொழிலாளர்கள் தோற்றார்கள். சாட்சி விசாரணையில் நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்றை மேல்முறையீட்டு நீதிபதி தன் அறையில் சோதித்துப் பார்ப்பதா என்று நீதிபதி டயான் உட் மாறுபட்ட தீர்ப்பில் திகைப்பைப் பதிவு செய்தார். நானும் உட் பக்கம்தான். குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி, தீர்ப்பு எழுதும் நீதிபதியே என்றால் வக்கீல் எங்கே போவது? ஆலையின் ஈரத்தில், வரிசையில் நின்று மாட்டும் நேரமும் நீதிமன்ற அறையில் மாட்டும் நேரமும் ஒன்றா?

ஆனால் அடுத்த ஆண்டு அதே பழக்கம் ஒரு கைதிக்கு உதவியது. இண்டியானா சிறையில் உணவுக்குழாய் எரிச்சலால் அவதிப்பட்டவர், சாப்பாட்டு நேரத்தை ஒட்டி மாத்திரை வேண்டும் என்று கேட்டார். எப்போது கொடுத்தாலும் ஒன்றுதான் என்று சிறை மருத்துவர் சாட்சியம். கைதிக்கு வக்கீலும் இல்லை, எதிர்த்துச் சொல்ல நிபுணரும் இல்லை. போஸ்னர் மருந்து நிறுவனத்தின் இணையதளத்தையும் மருத்துவத் தளங்களையும் தானே படித்து, வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பினார். நீதிபதி ஹாமில்டன் இதையும் கண்டித்து எழுதினார். கோட்பாட்டில் இரண்டும் ஒரே தவறு. இருந்தும் இரண்டாவதை என்னால் முதலாவதைப் போலத் திட்ட முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் வக்கீல் பட்டாளம், இந்தப் பக்கத்தில் சிறைக் கம்பிக்குள் ஒரு மனிதன் என்றால், நீதிபதி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

கடைசியில் அவர் பதவியை விட்டதும் இதற்காகவே. நம் கோர்ட்டுகளில் பார்ட்டி-இன்-பெர்சன் என்று சொல்வோமே, வக்கீல் இல்லாமல் தானே வாதாடுபவர்கள், அமெரிக்க மத்திய மேல்முறையீடுகளில் சுமார் பாதி அவர்களுடையது. கணிசமானோர் கைதிகள். அந்த மனுக்களை முதலில் நீதிமன்றத்தின் அலுவலக வக்கீல்கள் படித்து நீதிபதிகளுக்குக் குறிப்பு எழுதுகிறார்கள். அந்தக் குறிப்புகளும் அவற்றின் மேல் வரும் உத்தரவுகளும் இந்த மனிதர்களுக்கு நியாயம் செய்யவில்லை என்று போஸ்னருக்குப் பட்டது. ஒவ்வொரு குறிப்பையும் அமர்வுக்குப் போகும் முன் நான் பார்த்துத் திருத்துகிறேன் என்று முன்வந்தார். சக நீதிபதிகள் அத்தனை பேரும் மறுத்துவிட்டார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அறிவிப்பு, மறுநாள் பதவியில் இல்லை. முப்பத்தைந்து வருடம் தூங்கிவிட்டு இப்போதுதான் விழித்தேன் என்கிற மாதிரி நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொன்னார். அதே மாதம் சக நீதிபதிகளின் மின்னஞ்சல் பரிமாற்றங்களையும் சேர்த்து ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அலுவலக வக்கீல்களைப் பற்றி அவர் சொல்வதை மற்ற நீதிபதிகள் யாரும் ஏற்கவில்லை என்று தலைமை நீதிபதியாக இருந்த உட் வெளிப்படையாகப் பதில் சொன்னார். உட் சொன்னதிலும் நியாயம் இருக்கும். மனுக்கள் மலைபோல் குவியும் அலுவலகத்தில் இருப்பவர்களை வெளியே நின்று குறை சொல்வது எளிது. ஆனால் 36 வருடம் உள்ளே இருந்தவர் இதைச் சொல்ல ஏன் இவ்வளவு காலம் ஆனது என்ற கேள்விக்கு அவரும் சரியான பதில் வைத்திருக்கவில்லை.

2018-ல் வக்கீல் இல்லாதவர்களுக்கு உதவ ஒரு மையம் தொடங்கினார். கேட்டு வந்தவர்கள் ஏராளம், உதவ ஆளும் பணமும் இல்லை, 2019-ல் மூடிவிட்டது. அவருக்கு அல்சைமர் நோய் என்று 2022-ல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியே தெரிந்தது.

சட்டமும் பொருளாதாரமும் என்ற துறை அவரில்லாமலும் ஓடும். ஏகபோகத் தடுப்பு வழக்குகளில் பொருளாதாரம் பேசாத வக்கீலே இன்று அமெரிக்காவில் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட சட்ட அறிஞர் அவர்தான் என்று 2000-ல் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. ஆனால் முதலில் சட்டத்தை மறந்துவிட்டு, இந்தத் தகராறுக்கு என்ன தீர்வு அறிவுக்குப் பொருந்தும் என்று பார், பிறகு சட்டம் குறுக்கே நிற்கிறதா என்று பார் என்ற அவருடைய வழிமுறைக்கு வாரிசு இல்லை. இன்றைய உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சட்ட வாசகம், இயற்றிய காலத்துப் பொருள் என்று நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அந்தப் பக்கத்தின் தலைமகனான உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியாவை 2012-ல் போஸ்னர் பத்திரிகையில் வெளுத்து வாங்கியதும், ஸ்காலியா பதிலுக்குப் பொய் என்றதும் தனிக் கதை. வாசகம் பார்ப்பவர்கள் வென்றுவிட்டார்கள். போஸ்னர் முறையை எல்லா நீதிபதிகளும் பின்பற்றினால் நான் கட்சிக்காரருக்கு என்ன ஆலோசனை சொல்வேன் என்று யோசித்தால், அவர்கள் வென்றது ஒரு வகையில் நிம்மதி. வாசகத்தை நம்பி ஆலோசனை சொல்லலாம். நீதிபதியின் நல்லறிவை நம்பிச் சொல்ல முடியாது.

படிக்க விரும்பினால் கான் வழக்கில் தொடங்குங்கள், சின்னதுதான். ரயில் பெட்டி வழக்கை அதற்கு அடுத்து. அடையாள அட்டை வழக்கை எவன்ஸின் மாறுபட்ட தீர்ப்போடு சேர்த்துப் படித்துவிட்டு, 2014 விஸ்கான்சின் மாறுபட்ட கருத்தை எடுங்கள். கோழி ஆலை வழக்கில் உட் எழுதியதை முதலில் படியுங்கள். போஸ்னரை முதலில் படித்தால் அவர் உங்களை அவர் பக்கம் இழுத்துவிடுவார்.